வாளையார்ச் சாவடியும் வருகைப் பதிவேடும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே விலகி வழிவிட்டிருக்கும் கணவாயின் வாயிலில் அமைந்த வாளையார்ச் சாவடியை, நம் சுகாதாரத் துறையினருள் பார்த்திராதவர் சிலரே இருக்கக்கூடும். சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017 ஜூலைக்கு முன்னர் லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்த அந்தச் சாலை, வணிகவரிச் சோதனை நீங்கியபின் சில ஆண்டுகள் தடையின்றி ஓடிற்று. கோவிட் பெருந்தொற்று பரவிய 2020 மே மாதத்திலோ லாரிகள் நின்ற இடத்தில் மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை புகட்டிய பாடத்தை நாம் முற்றும் கற்றுவிட்டோமா என்ற ஐயமே இவ்வுரையை எழுதத் தூண்டுகிறது. ஏனெனில், 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் தலைகாட்டியபோதும், 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலேயே அந்நோய் உறுதியானபோதும், நம் பேச்சு முதலில் திரும்பியது எல்லையில் போட வேண்டிய மேசையையும் வெப்பமானியையும் பற்றித்தான்.

நடந்ததைச் சுருங்க நினைவுகூர்வோம். மே 4 முதல் மஞ்சேசுவரம், முத்தங்கா, வாளையார், குமுளி, ஆரியங்காவு, இஞ்சிவிளை ஆகிய ஆறு வாயில்கள் வழியே பிற மாநிலங்களிலிருந்து திரும்புவோரை அனுமதிப்பதென்றும், அவர்கள் ‘ஜாக்ரதா’ இணையதளத்தில் முன்பதிவு செய்து அனுமதிச் சீட்டுப் பெற்றிருக்க வேண்டுமென்றும் கேரள அரசு விதித்த நிபந்தனை, தன்னளவில் நியாயமானதே. ஆயினும், ஊரடங்கில் வேலையும் உறைவிடமும் இழந்து சென்னையிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் புறப்பட்டுவிட்ட பலருக்கு, ஒரு மாநிலத்தை விட்டு நீங்கும் அனுமதி கையிலிருந்தாலும் மறு மாநிலத்துள் புகும் அனுமதி தனியே வேண்டும் என்ற உண்மை, எல்லைக் கோட்டை மிதித்த பிறகே முகத்தில் அறைந்தது. மே 9ஆம் தேதி சீட்டில்லாதவர்கள் அங்கே திரண்டு நிற்க, மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாயினும் கேரள உயர் நீதிமன்றம் சிறப்பு அமர்வு கூடி, சிக்கியவர்களை உள்ளே அனுமதிக்க வழிசெய்தது. மே 12 அன்று, அந்தச் சாவடியில் நின்றிருந்த ஒருவருக்குத் தொற்று உறுதியாயிற்று. உடன் நின்ற பிரயாணிகளும் காவலரும் செய்தியாளரும் சுகாதாரப் பணியாளரும், நிலைமையைப் பார்வையிட வந்த மூன்று மக்களவை உறுப்பினர்களும் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் 14 நாள் தனிமையில் இருக்கும்படி ஆயிற்று. அதையொட்டி எழுந்த அரசியல் வாக்குவாதத்தில் நமக்கு அக்கறை இல்லை. தொற்றைத் தடுக்க எழுப்பிய சாவடியே, தொற்றுடையவரையும் இல்லாதவரையும் மணிக்கணக்கில் அருகருகே நிறுத்திவைத்த முரண் ஒன்றே நம் சிந்தனைக்குரியது.

சாவடியில் நாம் செய்யும் பரிசோதனையின் பிரயோஜனம்தான் எவ்வளவு? பாலக்காட்டுக் கணவாயின் சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியில் வந்திறங்கியவரின் நெற்றிக்கு நேரே வெப்பமானிக் கருவியை நீட்டினால், நோயற்ற அவருக்கும் காய்ச்சல் என்று எண் காட்டும். குளிரூட்டிய காரின் கண்ணாடியை இறக்கி முகம் காட்டுபவருக்கோ, உண்மையான காய்ச்சலும் மறைந்துபோகும். வீட்டில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு புறப்பட்டவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அநுபவமுள்ள சுகாதார ஆய்வாளர் வந்தவரை நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி அளப்பார். ஆனால் பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டு நிற்கையில், அந்தப் பத்து நிமிடமும் அந்த நிழலும் அவருக்குக் கிடைப்பதில்லை. கருவி பிழையின்றி வேலை செய்தாலும், கோவிட் தொற்றியவருக்கு அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து நாளும் சிலருக்கு 14 நாள் வரையும் ஆகும் என்பதையும், அறிகுறி தோன்றுமுன்னரே அவர் பிறருக்கு நோயைக் கொடுக்கக்கூடும் என்பதையும் நாம் அறிவோம். நிபாவின் இயல்பு வேறு. பெரும்பாலும் நோயாளியை நெருங்கிப் பராமரித்தவர்களையே அது பற்றுவதால், எல்லையில் ஆயிரம் நெற்றிகளை அளப்பதைவிட, கோழிக்கோட்டிலோ மலப்புறத்திலோ நோயாளியோடு மருத்துவமனையில் இருந்து வந்தீர்களா என்று கேட்கும் ஒரு கேள்வி மிகுந்த பலன் தரும்.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் நம்மினும் விவேகமாகச் சிந்தித்தார்களோ என்று சில வேளை தோன்றுகிறது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவி, மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தபோது, சென்னை ராஜதானியில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்றொரு முறை வழங்கிற்று. நோய் கண்ட பகுதியிலிருந்து வருபவரைப் போகவிட்டு, ஆனால் அவர் எங்கே தங்கப் போகிறார் என்பதைச் சீட்டில் எழுதி, சென்று சேர்ந்த ஊரில் பத்து நாள் தினந்தோறும் அதிகாரியின் முன் ஆஜராகும்படி பணித்த முறை அது. பிரயாணிகளுக்கு அது தொல்லையாகவே இருந்தது. அதை அமல்செய்தவர்கள் யாவரும் கனிவுடையோர் என்றும் நாம் சொல்லமாட்டோம். ஆயினும், நோய் எல்லையில் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளாது, போய்ச் சேர்ந்த ஊரில்தான் வெளிப்படும் என்ற மருத்துவ உண்மையின்மேல் கட்டப்பட்ட ஏற்பாடு அது.

உல்லாசப் பிரயாணிகள் விஷயத்தில் இந்த உண்மை இன்னும் பிரத்தியட்சமாக விளங்கும். 2020 மார்ச்சில், இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் அரசு சார்ந்த விடுதி ஒன்றில் தங்கியிருந்த 19 பேர் கொண்ட பிரிட்டிஷ் குழுவில் ஒருவருக்கு நோய்க்குறி கண்டு மாதிரி எடுக்கப்பட்டது. முடிவு வரும்வரை அங்கேயே இருக்க வேண்டிய அவர், குழுவினரோடு கொச்சி விமான நிலையம் சென்று துபாய் விமானத்தில் ஏறிவிட்டார். தொற்று உறுதியென்ற செய்தி எட்டியதும் விமானத்திலிருந்த அனைவரும் இறக்கப்பட்டனர். அவர் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். நோயைக் கண்டது மலைமேல் ஒரு விடுதியில். கை நழுவியதும் அதே விடுதியில்தான். அவரை அங்கே இருத்தும் பொறுப்பு யாருடையது என்பது முன்கூட்டியே தெளிவாயிருந்திருந்தால், ஒரு விமானத்தை நிறுத்த நேர்ந்திராது. ஆகவே, யாத்திரிகர் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையை இரண்டாவது சாவடியாகக் கருதி, அதில் அமர்ந்திருப்பவருக்குப் பயிற்சியும், நள்ளிரவிலும் அழைக்கத்தக்க ஒரு சுகாதார அதிகாரியின் எண்ணும் தருவது, எல்லையில் இன்னொரு கூடாரம் அடிப்பதினும் முந்தியதென்பது எம் அபிப்பிராயம்.

2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழக அரசு, கேரளத்திலிருந்து வருவோர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்றோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டுமென்று விதித்தது. நாட்டின் புதிய தொற்றுகளில் பாதிக்கு மேல் கேரளத்தில் பதிவான மாதம் அது. விதியின் நோக்கத்தைக் குறைகூற இடமில்லை. எனினும், உதகைக்குச் செல்லும் குடும்பத்துக்கு ஒருமுறைச் செலவாகிய அந்தப் பரிசோதனைச் சான்று, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கும் கோவை மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும், தடுப்பூசி நிறைவுறாமல் நித்தம் எல்லை கடப்பவருக்கு மூன்று நாளுக்கொரு தண்டமாயிற்று. வாளையாரில் நெருக்கினால் ஜனங்கள் வேலந்தாவளத்தையும் கோபாலபுரத்தையும் மீனாட்சிபுரத்தையும் நாடுவார்கள். அங்கே பதிவேடும் இராது, பதிபவரும் இரார். யாத்திரிகருக்கென ஒரு விதியும், நித்தியப் பிரயாணிக்கென வேறொரு விதியும் வகுக்கத் தயங்குவது சமத்துவமாகாது.

பதிவேட்டைப் பற்றியே இன்னும் ஒரு சொல். வேனில் வரும் பதினான்கு பேருக்கும் ஓட்டுநரின் கைபேசி எண் ஒன்றையே எழுதிக்கொள்வதும், தங்குமிடம் என்ற கட்டத்தில் ‘மூணாறு’ என்று மட்டும் நிரப்புவதும் நம் சாவடிகளில் சகஜம். அத்தகைய பதிவேட்டை வைத்து ஒருவரையும் தேடிப் பிடிக்க இயலாது. அதனினும் பெரிய குறை, அது வருகையை மட்டுமே பதிவதாகும். 2020 செப்டம்பரில் கேரளம், ஏழு நாளுக்குள் திரும்புவோருக்குத் தனிமை வேண்டாமென்று தளர்த்தி, அக்டோபரில் சுற்றுலாத் தலங்களைத் திறந்தது. ஏழு நாளுக்குள் திரும்பும் யாத்திரிகர் அங்கே தொற்றைப் பெற்றிருந்தால், அவருக்குக் காய்ச்சல் வருவது பொள்ளாச்சியிலோ ஈரோட்டிலோ தம் வீட்டில்தான். அச்செய்தி அவர் தங்கியிருந்த மூணாற்று விடுதிக்குப் போய்ச் சேர வழி ஏதும் இல்லை. இரு மாநிலங்களின் மாவட்டச் சுகாதார, மருத்துவ அதிகாரிகள் தமிழும் மலையாளமும் கொண்ட ஒரே படிவத்தை வைத்துக்கொண்டு, அதன் படியை அன்றைக்கன்று பரிமாறிக்கொள்ளப் பெரிய சட்டமொன்றும் தேவையில்லை.

சபரிமலைப் பருவத்திற்காவது இரு மாநிலங்களும் இந்தப் பொது ஏற்பாட்டை முயன்று பார்க்கலாம். 2020 மண்டல காலத்தில் தொடக்கத்தில் வார நாள்களில் 1,000 பேரே அனுமதிக்கப்பட்டனர். 24 மணி நேரத்துக்குள் எடுத்த தொற்றின்மைச் சான்று நிலக்கல்லில் கேட்கப்பட்டது. சேலத்திலும் மதுரையிலும் மாலை அணிந்து, விரதமிருந்து, குமுளி வழியாகவும் வாளையார் வழியாகவும் நெடுந்தூரம் வந்த பக்தர், மலையடிவாரத்தில் திருப்பப்பட்டால், அவரோடு அதே வண்டியில் வந்தவர்களின் கதி என்ன? தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறப்படும் நாளன்றே பரிசோதித்து, முடிவை எல்லைச் சாவடியும் நிலக்கல்லும் ஒருசேர ஏற்கும்படி செய்திருந்தால், நோயுள்ளவர் வீட்டிலேயே தங்கியிருப்பார். அடுத்த கார்த்திகைக்கு முன் தேனி, கோவை, இடுக்கி, பாலக்காடு, பத்தனம்திட்டை மாவட்ட அதிகாரிகள் கூடி இதை மட்டும் பேசி முடித்தால் போதும். அக்கூட்டத்துக்கான மாதிரிப் படிவமொன்றை வகுத்தனுப்பும்படி களப்பணியாளர்களை வேண்டுகிறோம்.