ஹேர் டிரான்ஸ்பிளாண்ட்: கத்தியைப் பிடிப்பது யார்? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

காலையில் போனால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம், வலியே இருக்காது, இன்றே புக் செய்தால் பாதி விலை, மாதத் தவணையிலும் கட்டலாம். செல்போனைத் திறந்தால் ஹேர் டிரான்ஸ்பிளாண்ட் விளம்பரங்கள் இப்படித்தான் வந்து விழுகின்றன. ஏதோ சலூனுக்குப் போய்வருவது மாதிரி பேசப்படும் இந்த விஷயம், உண்மையில் பல மணி நேரம் நடக்கும் ஓர் அறுவை சிகிச்சை.

2025ஆம் ஆண்டு மே மாதம் உத்தரப் பிரதேச மாநிலம் கான்பூரில் ஒரு கிளினிக் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அங்கு ஹேர் டிரான்ஸ்பிளாண்ட் செய்துகொண்ட பொறியாளர் ஒருவர், முகம் வீங்கி ஓரிரு நாட்களில் உயிரிழந்தார் என்பது குடும்பத்தினரின் புகார். அதே கிளினிக்கில் சிகிச்சை பெற்ற இன்னொரு இளைஞரும் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு இறந்திருந்தார் என்ற புகாரும் அடுத்து வந்தது. குற்றம்சாட்டப்பட்டவர் ஒரு பல் மருத்துவர். பின்னர் அவர் நீதிமன்றத்தில் சரணடைந்தார்.

இது வடக்கே நடக்கும் கதை மட்டும் இல்லை. 2016 மே மாதம் சென்னையில் ஹேர் டிரான்ஸ்பிளாண்ட் செய்யப்போன 22 வயது எம்.பி.பி.எஸ். மாணவர் உயிரிழந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவருக்கே இந்த நிலை என்றால், மற்றவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்வது?

இந்தச் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கையில் முன்நெற்றியும் உச்சந்தலையும்தான் காலியாகும். பின்மண்டையிலும் காதுக்கு மேலேயும் உள்ள முடி பெரும்பாலும் கடைசி வரை நிற்கும். அந்த முடியை வேரோடு எடுத்து முன்னால் நட்டாலும் அதன் குணம் மாறாது, உதிராமல் வளரும். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950களில் செய்து காட்டிய இந்த உண்மைதான் இன்றைய சிகிச்சைக்கு அடிப்படை.

முடி ஒவ்வொன்றாகத் தனியே வளர்வதில்லை. ஒன்று முதல் நான்கு முடிகள் வரை ஒரே கொத்தாக இருக்கும். அந்தக் கொத்தைத்தான் கிளினிக்குகள் 'கிராஃப்ட்' என்கின்றன.

கிராஃப்ட் எடுக்க இரண்டு முறைகள் உண்டு. பின்மண்டைத் தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுத்து, அதிலிருந்து கொத்துகளைப் பிரிப்பது எஃப்.யூ.டி. சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு துளைக்கருவியால் ஒவ்வொரு கொத்தாகத் தோண்டி எடுப்பது எஃப்.யூ.இ. முதல் முறையில் கோடு போன்ற தழும்பு இருக்கும். இரண்டாவதில் புள்ளி புள்ளியாகத் தழும்புகள் இருக்கும். முடி வளர்ந்தால் இவை மறையும். ஆனால், 'தழும்பே இல்லை' என்று சொல்வது உண்மை இல்லை.

யார் செய்யலாம்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வெள்ளை கோட் போட்டவர் எல்லாம் இதற்குத் தகுதியானவர் ஆகிவிட முடியாது.

டெல்லியில் சிகிச்சைக்குப் பிறகு ஓர் இளைஞர் இறந்த வழக்கில், 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த கிளினிக்குகள் குறித்துக் கவலை தெரிவித்தது. அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஹேர் டிரான்ஸ்பிளாண்டுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்:

• முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி., தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவர்களுக்கு இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

• யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது.

• அவசர நிலை வந்தால் சமாளிக்கும் வசதி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

முகத்தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்த பல் மருத்துவர்கள் செய்யலாமா என்பது இன்னொரு சர்ச்சை. செய்யலாம் என்பது இந்திய பல் மருத்துவ கவுன்சிலின் நிலைப்பாடு. தோல் மருத்துவர்கள் தரப்பு இதைக் கடுமையாக எதிர்க்கிறது. இந்தச் சர்ச்சை ஒருபக்கம் இருக்கட்டும். சில நாள் ஒர்க்‌ஷாப், 'காஸ்மெட்டாலஜி' சான்றிதழ், 'டிரைக்காலஜிஸ்ட்' என்ற பெயர்ப்பலகை ஆகியவை மட்டும் யாரையும் அறுவை சிகிச்சை நிபுணர் ஆக்கிவிடாது.

'டாக்டர் இருக்கார்' என்றால் போதுமா?

போதாது. பல இடங்களில் நடப்பது இதுதான்: ஆலோசனைக்கு உட்காருபவர் 'கவுன்சிலர்' என்ற விற்பனை ஊழியர். டாக்டர் ஐந்து நிமிடம் வந்து நெற்றியில் கோடு போடுவார். மீதி ஆறேழு மணி நேரமும் டெக்னீஷியன்கள்தான். துருக்கியின் இஸ்தான்புல்லில் இதே பிரச்சினை பெரிதாக வளர்ந்திருக்கிறது. சர்வதேச முடி மாற்று அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கமான ஐ.எஸ்.எச்.ஆர்.எஸ். இதற்கு எதிராகவே தனி பிரசாரம் நடத்துகிறது.

டெக்னீஷியன்கள் இல்லாமல் இந்தச் சிகிச்சை நடக்காது என்பதும் உண்மை. ஆயிரக்கணக்கான கொத்துகளைப் பிரித்து, காயாமல் குளிர்ந்த திரவத்தில் வைத்து, நடுவதற்கு எடுத்துக்கொடுக்கக் கைகள் வேண்டும். ஆனால் முன்வரிசையைத் திட்டமிடுவது, மரத்துப்போகும் ஊசி போடுவது, பின்மண்டையில் தோண்டுவது, நடும் இடத்தில் துளை போடுவது ஆகியவை டாக்டரின் வேலை. துளையின் கோணம் தவறினால் முடி குத்திட்டு நிற்கும். தோண்டும்போது வேர் அறுந்தால் அந்த முடி திரும்ப வராது.

அதனால் நேரடியாகவே கேட்டுவிடலாம்: "இந்த நான்கு வேலைகளில் எது எதை நீங்கள் செய்வீர்கள்? எவ்வளவு நேரம் அறையில் இருப்பீர்கள்? அன்றைக்கு இன்னும் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

உயிருக்கு ஆபத்து எங்கே வருகிறது?

பெரும்பாலானவர்களுக்கு இது பாதுகாப்பாகவே முடிகிறது. ஆபத்து வரும் முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று கிருமித் தொற்று. சுத்தமில்லாத அறை, சரியாகச் சுத்திகரிக்காத கருவிகள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

இன்னொன்று மரத்துப்போகும் ஊசி. லிக்னோகைன் மருந்தை அட்ரினலினுடன் கலந்து போடும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. 70 கிலோ எடை உள்ளவருக்கு 490 மில்லிகிராம். 2 சதவீத மருந்து என்றால் அது வெறும் 24 மில்லிதான். மணிக்கணக்கில் நடக்கும் சிகிச்சையில் வலிக்கும்போதெல்லாம் கணக்கில்லாமல் ஊசி ஏற்றினால் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். வாயைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல் கேட்பது ஆகியவை முதல் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

எனவே, தன் எடையையும் இதுவரை வந்த மருந்து ஒவ்வாமைகளையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஆக்ஸிஜன், மானிட்டர், அவசர மருந்துகள் அறையில் இருக்கின்றனவா, ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை, மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. பரிசோதனைகள், தேவைப்பட்டால் இ.சி.ஜி. ஆகிய எதுவும் இல்லாமல் "நாளைக்கே வாங்க" என்று சொல்லும் இடத்துக்குப் போகாமல் இருப்பதே மேல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

பின்மண்டை முடி: ஒருமுறைதான் செலவழிக்க முடியும்

இந்தச் சிகிச்சை புது முடியை உருவாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்காது. பலருக்கும் வாழ்நாள் முழுவதற்கும் பின்மண்டையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சுமார் 4,000 முதல் 6,000 கிராஃப்ட் வரைதான். முடியின் அடர்த்தியைப் பொறுத்து இது கூடும், குறையும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள நெற்றியில் முன்வரிசையை 2 சென்டிமீட்டர் கீழே இறக்கினால் 30 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35 கிராஃப்ட் வைத்தால், அந்த ஒரு பட்டைக்கே 1,000 கிராஃப்டுக்கு மேல் போய்விடும். சினிமா நடிகர் மாதிரி தாழ்வான முன்வரிசை கேட்டு வாங்கும் இளைஞர், பிற்காலத்தில் உச்சந்தலை காலியாகும்போது நடுவதற்கு முடி இல்லாமல் நிற்பார். முன்னால் ஒரு கீற்று, நடுவில் சொட்டை என்ற தோற்றம் அப்படித்தான் வருகிறது. ஒரே அமர்வில் அளவுக்கு மீறித் தோண்டினால் பின்மண்டையும் பூச்சி அரித்தது போலாகிவிடும்.

23 வயதில் செய்யலாமா?

அவசரப்படாமல் இருப்பது நல்லது. அந்த வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று உறுதியாகச் சொல்வது கடினம். அப்பா, தாத்தா, தாய்மாமன் தலையைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். நட்ட முடி நிற்கும். ஆனால் சுற்றியுள்ள பழைய முடி தொடர்ந்து உதிரும். அதைக் காப்பாற்ற மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகள் தேவைப்படலாம். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகளை ஏற்படுத்தும் என்பதால், டாக்டரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது.

முடி கொட்டுவது எல்லாமே வழுக்கையும் கிடையாது. டெங்கு போன்ற காய்ச்சல், பிரசவம், ரத்தசோகை, தைராய்டு பிரச்சினைகளால் கொட்டும் முடி பெரும்பாலும் காரணத்தைச் சரிசெய்தாலே திரும்ப வரும். பூச்சிவெட்டு போன்ற நோய்கள் தீவிரமாக இருக்கும்போது நட்டால் நட்ட முடியும் போய்விடலாம். எனவே முதல் செலவு தோல் மருத்துவரிடம் காட்டி, காரணத்தைத் தெரிந்துகொள்வதாக இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு எத்தனை மாதம் முன்பு?

முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஓடுபவர்கள் நிறைய. நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். இது இயல்புதான். மூன்று, நான்கு மாதங்களில் மீண்டும் முளைக்கத் தொடங்கும். நல்ல பலன் தெரிய 9 முதல் 12 மாதங்கள் ஆகும். உச்சந்தலையில் இன்னும் தாமதமாகலாம். மூன்றாவது மாதத்தில் பார்த்தால் செய்ததற்கு முன்பைவிட மோசமாகக்கூடத் தெரியலாம். ஆக, குறைந்தது ஓராண்டு கையில் இருக்க வேண்டும்.

பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

2,000 கிராஃப்ட் என்பதும் 2,000 முடி என்பதும் ஒன்று இல்லை. ஒரு கிராஃப்டில் சராசரியாக இரண்டு முடி என்று வைத்தால் 2,000 முடிக்கு 1,000 கிராஃப்டே போதும். எந்தக் கணக்கில் விலை சொல்கிறார்கள், மருந்தும் பரிசோதனையும் சேர்த்தா, பலன் சரியில்லை என்றால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். டாக்டர் பெயர் இல்லாத ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. படங்களைக் காட்டினால், ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுத்தவையா என்று பார்ப்பதோடு, பின்மண்டை படத்தையும் கேட்க வேண்டும்.

சரிபார்ப்பது எப்படி?

டாக்டரின் பெயர், பதிவு எண், படிப்பு ஆகியவற்றைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், தேசிய மருத்துவ ஆணைய இணையதளங்களில் தேடலாம். கிளினிக்கும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. சிகிச்சையில் அலட்சியம் என்றால் மருத்துவ கவுன்சிலிலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். அதற்கு பில், ஒப்புதல் படிவம், மருந்துச் சீட்டு எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

வழுக்கையால் யாருடைய உயிரும் போவதில்லை. அதனால் இந்தச் சிகிச்சைக்கு அவசரமும் இல்லை. இரண்டு, மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அவர்களில் ஒருவர், "உங்களுக்கு இப்போது வேண்டாம், ஒரு வருஷம் மருந்து போட்டுப் பார்க்கலாம்" என்று சொன்னால், வரும் வருமானத்தை விட்டுவிட்டு அப்படிச் சொன்னவரிடமே பிறகும் போகலாம்.