சங்கிலி பழக்குமா?

ரிங்லெட் வட்டாரத் தோட்டங்களில் நாய் வளர்க்கும் வீடுகள் பல. நாயைப் பழக்கும் வீடுகளோ சில. காலையில் கொழுந்து எடுக்கப் புறப்படும்போது அதனைச் சங்கிலியில் பிணைத்துவிட்டுச் செல்கிறோம். பகலெல்லாம் மழையிலும் பனியிலும் கிடந்த அது, மாலையில் வருவோர் போவோரைக் கண்டு சீறினால், "பொல்லாத நாய்" என்று கோலை எடுக்கிறோம். பொல்லாங்கு நாயினுடையதன்று, நம்முடையது என்பேன்.

மாணவச் செல்வங்களே! குட்டி இரண்டு மாதப் பருவம் எய்தியதுமே பழக்கத் தொடங்கலாம். சொன்னபடி அமர்ந்த அந்நொடியே ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். தாமதித்தால் எதற்காகக் கிடைத்ததென்று அதற்கு விளங்காது. சில வீடுகளில் அப்பா "உட்கார்" என்கிறார். அண்ணன் "சிட்" என்கிறான். தங்கையோ "டூடோக்" என்கிறாள். மும்மொழிப் புலமையை நாயிடம் எதிர்பார்க்கலாமா? வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே வழங்குக.

இது விளையாட்டன்று. 2017ஆம் ஆண்டு சரவாக்கின் செரியான் பகுதியில் பரவிய வெறிநாய்க்கடி நோய் சிறுவர்களின் உயிரைப் பறித்தது. அறிகுறி தோன்றியபின் அந்நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. ஆதலின் நாய்க்குத் தடுப்பூசி போடுங்கள். கடிபட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாது, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருந்தகம் செல்லுங்கள்.

பெற்றோர்களே, நாயைத் தீண்டாத அண்டை வீட்டாரும் நம் பாதையில்தான் நடக்கின்றனர். அவர்கள் கடந்து செல்லும்வரை நாய் நம் காலடியில் அமர்ந்திருக்க வேண்டும். அதனைக் கற்பிக்க அந்திப்பொழுதில் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும்.