கண்ணாற் கேட்டல்

நம் கல்லூரியில் கூட்டங்களுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் வரவேற்புக் கூட்டம். பின்னர் மன்றங்களின் தொடக்க விழாக்கள், அறக்கட்டளைச் சொற்பொழிவுகள், பட்டமளிப்பு விழா, பழைய மாணவர் கூடுகை, கிறிஸ்துமஸ் கீத ஆராதனை. இவையன்றி, 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலந்தொட்டு இணையவழிக் கூட்டங்களும் பெருகிவிட்டன. இத்துணைக் கூட்டங்களுக்கும் பேசாமலே விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்று உண்டு. வருவோர்க்குக் காது நன்கு கேட்டல் வேண்டும் என்பதே அது. அழைப்பிதழில் அஃது அச்சிடப்பெறுவதில்லை; ஆயினும், அதனை நிறைவேற்றமாட்டாதார் உள்ளே வந்து அமர்ந்தும் வெளியே இருப்பவரே ஆவர்.

கேள்வியின் பெருமையைத் தமிழ் மாணவர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். ஒலியைச் செவியில் வாங்குதல் மட்டுமே கேள்வியன்று, சொல்லை உள்ளத்தில் ஏற்றலே கேள்வி எனக் கொள்ளின், கண் வழியாகவும் கேட்கலாம் என்பது பெறப்படும். பேசுவார் பேசப் பேச அவர்தம் சொற்களை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையிற் காட்டும் முறை அதன்பொருட்டே எழுந்தது. ஆங்கிலத்தார் அதனைக் கேப்ஷன் என்பர். வேற்றுமொழிப் படங்களில் நாம் காணும் சப்டைட்டில் மொழிபெயர்ப்பு. இதுவோ பேசிய மொழியிலேயே, பேசியவாறே காட்டுவது. பேச்சையேயன்றிக் கைதட்டல், சிரிப்பு, இசை ஆகியவற்றையும் குறிப்பது. இக்கட்டுரையில் யாம் இதனை எழுத்துரை என வழங்குவோம். நம் அரங்கிலும் நம் இணையவழிக் கூட்டங்களிலும் எழுத்துரை வேண்டும். அதுவும் தரமுடையதாய் வேண்டும் என்பதே எம் கருத்து.

இதன் வரலாறு சுவையுடையது. பேசாப் படக் காலத்தில் காட்சிகளுக்கிடையே எழுத்துக்கள் தோன்றிக் கதை நடத்தின. காது கேட்பாரும் கேளாதாரும் ஒரே கொட்டகையில் அமர்ந்து, அவற்றை ஒரே நேரத்திற் படித்து, ஒருங்கே சிரித்தனர். 1927இல் அமெரிக்காவில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தபின் பேசும் படங்கள் பரவின, திரையெழுத்துக்கள் மறைந்தன. தமிழ் பேசிய ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. உலகம் புதுச்செல்வம் பெற்றதெனக் களித்த அந்நாளிலேதான் காது கேளாதார் தம் கையிலிருந்த செல்வத்தை இழந்தனர். பேசாப் படங்களில் நடித்தவரும், தாமே காது கேளாதவருமான எமர்சன் ரொமேரோ என்பார், 1947இல் படச்சுருளை வெட்டி இடையிடையே எழுத்துக்களை ஒட்டித் தம்மவர்க்குக் காட்ட முயன்றார். 1972இல் ‘தி பிரெஞ்சு செஃப்’ என்னும் சமையல் நிகழ்ச்சி எழுத்துரையுடன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. நிகழ்ச்சி நடக்கும்போதே எழுதிக் காட்டுவது அதனினும் அரிது. அது 1982இல் ஆஸ்கர் பரிசளிப்பு விழாவிற் கைகூடிற்று. ஆகவே, எழுத்துரை என்பது புதிதாகக் கேட்கும் சலுகையன்று. ஒருமுறை இருந்து பறிபோனதொன்றைத் திரும்பக் கேட்பதேயாம்.

எம் நண்பர் ஒருவர்க்கு இளமையிலேயே செவிப்புலன் குன்றிற்று. உதட்டசைவை நோக்கி ஒருவாறு பொருளுணர்வார். பேசுவார் ஒலிவாங்கியை வாயருகே பிடிப்பின் உதடு மறையும். பக்கம் திரும்பினாலும் மறையும். முகக்கவசக் காலத்தில் அவர்பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சென்ற ஆண்டுக் கூட்டமொன்றில் அரங்கமே குலுங்கச் சிரித்தபொழுது, அவரும் உடன் சிரித்துவிட்டு, “என்ன சொன்னார்?” என்று அருகிருந்தவரை வினவினார். “ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்” என்றார் அவர். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. காது கேளாதார் தம் வாழ்நாளில் மிகுதியும் பெறும் விடை இதுவே போலும். கூட்டம் முடிந்தபின் வேறொரு மாணவர் பேச்சின் சாரத்தைப் பத்து வரியில் எழுதித் தருவதாகச் சொன்னார். அன்புடன் சொன்னதுதான். எம் நண்பரோ, “சாரம் மட்டும் போதாது, சக்கையும் வேண்டும்; எது சக்கை என்று நானே முடிவு செய்துகொள்கிறேன்” என்றார்.

இவ்வொரு விடையில் எழுத்துரையின் இலக்கணம் முழுதும் அடங்கியுள்ளது என்போம். கேட்கும் காதுடையார்க்குப் பேச்சாளரின் தடுமாற்றமும், கிளைக்கதையும், பின்வரிசையிலிருந்து எழும் குறும்புக் குரலும் தடையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் வேண்டாதவற்றை அவர் தாமே தள்ளிவிடுகிறார். கேளாதார்க்கு மட்டும் பிறர் சலித்துக் கொடுப்பதே போதும் என்பது அவரைச் சிறுபிள்ளையாக நடத்துவதாகும்.

நிற்க. இஃது ஓரிருவர்க்கான ஏற்பாடன்றோ எனின், அன்று. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் செவிப்புலன் குறைந்தோர் ஏறக்குறைய 50 இலட்சம். செவிக்குறைக்காக மருத்துவ உதவியோ பயிற்சியோ வேண்டுவோர் உலகில் ஏறக்குறைய 43 கோடிப் பேர் என 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் பழைய மாணவர் கூடுகையின் முன்வரிசையை ஒருகால் உற்றுநோக்குக. அறுபதைக் கடந்த பெரியோர் பலர் கையைச் செவிமடலருகே குவித்து முன்சாய்ந்திருப்பதைக் காணலாம். தம்மைக் காது கேளாதார் என அவர் எண்ணுவதில்லை; “ஒலிபெருக்கி சரியில்லை” என்றே சொல்லுவர். எழுத்துரை அவர்க்கும் பயன்படும். அயல்மாநிலத்திலிருந்து வந்து தமிழைத் தட்டுத்தடுமாறிப் பயிலும் மாணவர்க்கும் பயன்படும்.

சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை அவர்க்கு ஒதுக்குமாறு விதித்தது. மின்னூடகங்களில் சைகைமொழியும் எழுத்துரையும் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும் எனவும் கூறிற்று. நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சொல்லைக் கொடாதிருத்தல் பந்தியில் இலை போட்டுச் சோறு படையாமைக்கு ஒப்பாகும்.

மேனாட்டுப் பெரும் பல்கலைக்கழகங்களும் இதில் இடறாமலில்லை. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய இரண்டும் இணையத்தில் வெளியிட்ட பாடங்களுக்கு எழுத்துரை இல்லை, உள்ளதும் பிழை மலிந்தது என 2015இல் அந்நாட்டுக் காது கேளாதோர் தேசியச் சங்கம் வழக்குத் தொடுத்தது; முன்னது 2019இலும் பின்னது 2020இலும் உடன்பட்டு எழுத்துரை தர இசைந்தன. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் செய்தி இதனினும் சிந்திக்கத்தக்கது. அதன் இலவசப் பாடங்கள் காது கேளாதார்க்கு எட்டாதவையாய் உள்ளன என 2016இல் அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. எழுத்துரை சேர்த்தல் பெருஞ்செலவு எனக் கருதிய பல்கலைக்கழகம், 2017இல் இருபதாயிரத்திற்கு மேற்பட்ட பாடங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்தே நீக்கிற்று. சிலர் கேட்க இயலாமையால் பலரும் கேட்க முடியாது போயிற்று எனக் காது கேளாதார்மேல் சினந்தோர் உண்டு. எம் கருத்தில் பிழை அவரதன்று. முதல் நாளிலேயே எழுத்துரையோடு பதிந்திருப்பின் சிறு செலவாய் முடிந்திருக்கும். ஆயிரக்கணக்கிற் குவிந்தபின் மலையாயிற்று. 2022இல் அப்பல்கலைக்கழகமும் நீதித்துறையோடு உடன்பாட்டிற்கு வந்தது. நம் கல்லூரிச் சொற்பொழிவுகளின் பதிவுகள் இப்பொழுது சிலவே. மலையாகுமுன் தொடங்குதல் எளிது.

இனி, “இவையெல்லாம் பொறியே எழுதிவிடுமே, ஆள் எதற்கு?” என வினவுவார் பலர். பொறியின் உதவியை யாம் இகழவில்லை. கைப்பேசி ஒன்றே பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் காலம் இது. அது தமிழுக்கும் வந்துள்ளது. ஆயினும் கணக்கொன்று பார்ப்போம். நிமிடத்திற்கு 100 சொல் வீதம் அரைமணி பேசுவார் 3,000 சொற்கள் பேசுவர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்று பொறி மார்தட்டினும், 150 சொற்கள் பிழையாம். அப்பிழைகள் ‘ஆகவே’, ‘மேலும்’ என்பவற்றிற் சென்று விழுவதில்லை. ஊர்ப்பெயர், ஆட்பெயர், நூற்பெயர், கலைச்சொல் ஆகியவற்றையே தேடி விழுகின்றன.

தமிழில் இடர் இன்னும் மிகுதி. எதிர்மறை ஆங்கிலத்திற் பெரும்பாலும் தனிச்சொல்லாய் நிற்கும். நம் மொழியில் வினையின் உடலிலேயே கலந்து நிற்கும். வேண்டும், வேண்டாம், முடியும், முடியாது, செய்வோம், செய்யோம். இறுதி அசையைப் பேச்சாளர் விழுங்கிவிடின் கருத்தே தலைகீழாகும். லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் பேச்சில் மயங்கி ஒலிப்பது யாவரும் அறிந்ததே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். இணையவழி வகுப்பொன்றிற் பொறி அதனைக் ‘கிழவி ஆக்கம்’ என்று எழுதிற்று. வகுப்பே நகைத்தது. சொல்லைச் செவியாற் சரியாகக் கேட்டிருந்தமையால் நமக்கு அது நகைப்பு. எழுத்தையே நம்பியிருந்தார்க்கோ அதுவே அன்றைய பாடம்!

அமெரிக்காவில் நேரலைக்கு எழுத்துரை தருவோர் ஒரே நேரத்திற் பல விசைகளை அழுத்தும் சுருக்கெழுத்துப் பொறியால் நிமிடத்திற்கு 200 சொற்களுக்கு மேல் எழுதவல்லவர். நம்மிடம் தமிழ்ச் சுருக்கெழுத்து உண்டு. ஆயின் தாளில் கையால் எழுதிப் பின்னர்த் தட்டச்சிடும் அம்முறை திரைக்கு உடனே வாராது. நமக்கு ஏற்றது பிரிட்டனில் தொலைக்காட்சி நேரலைகளுக்கு வழங்கும் மறுகூறல் என்னும் முறை எனத் தோன்றுகிறது. தனியறையில் அல்லது அரங்கின் ஓர் ஓரத்தில் ஒருவர் அமர்ந்து, பேச்சைக் காதுக்கருவி வழியே கேட்டு, அதனை அவ்வப்பொழுதே தெளிந்த உச்சரிப்போடு பொறிக்குத் திருப்பிச் சொல்லுவார். இரைச்சலையும் பலர் குரலையும் தனித்தனியே அறியமாட்டாத பொறி, ஒருவர் குரலை நன்கு பற்றும். மற்றொருவர் பக்கத்திலிருந்து, தவறியவற்றைத் திரைக்குச் செல்லுமுன் திருத்துவார். இவ்வேலை மூளையைப் பிழிவதாகலின், கால்மணிக்கொருமுறை ஆள் மாறவேண்டும். ழகரத்தைப் பழுதின்றி ஒலிக்கவும், கிளவிக்கும் கிழவிக்கும் வேறுபாடு காணவும் வல்லார் தமிழ்ச் சிறப்பு வகுப்பிலன்றி வேறெங்குக் கிடைப்பர்? நம் படிப்பால் என்ன பயன் என்று கேட்கும் உறவினர்க்கும் இஃதொரு விடையாகும்.

இங்கே ஒரு வழக்கு எழும். பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதா, செந்தமிழாக்குவதா? எம் வகுப்பு நண்பர் பலர் செந்தமிழையே விரும்புவர். யாம் அதற்கு இசையோம். திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் தம் ஊர்ப்பேச்சில் ஒரு நகைச்சுவை சொல்ல, அதனை இலக்கண நடையில் எழுதிக் காட்டின், கேட்பார் சிரிக்கும்பொழுது படிப்பார் கொட்டாவி விடுவர். “வந்துட்டேன்” என்றவரை “வந்துவிட்டேன்” எனச் சொல்லவைக்க நமக்கு உரிமையில்லை. செந்தமிழ் எம் உயிரே. ஆயினும் பிறர் வாயில் அதனை நாம் திணித்தலாகாது.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2014இல் எழுத்துரைக்குப் பிழையின்மை, பேச்சோடு ஒத்த காலம், முழுமை, இடம் என நான்கு அளவைகள் வகுத்தது. இறுதியிற் கூறிய இடம் சிறிதாகத் தோன்றும். நம் அரங்கில் அதுவே பெருந்தடை. விழா நாளில் மேடை முழுதும் பூந்தொட்டியும் பதாகையும் நிறைந்துவிடும். பேசுவார் முகமும் எழுத்தும் ஒரே பார்வையில் அடங்குமாறு திரை நிற்கவேண்டும். மூலையில் வைப்பின், பந்தாட்டம் பார்ப்பவர்போலக் கழுத்தைத் திருப்பியே மாலை முடியும். கறுப்புப் பின்னணியில் வெண்ணிறத்துப் பெரிய எழுத்து நன்று. ஒன்று கூறல் வேண்டும்: பிறப்பிலேயே கேளாதார் பலர்க்குச் சைகைமொழியே தாய்மொழி, அவர்க்கு எழுத்துரை மட்டும் போதாது, சைகைமொழியாளரும் வேண்டும்.

செலவைப் பற்றி அஞ்சவேண்டா. திரையும் ஒளிபடக் கருவியும் அரங்கில் உள்ளன. கணிப்பொறி துறையில் உள்ளது. வேண்டுவது ஆள். சிறப்பு விருந்தினரிடம் உரையின் படியையோ, அவர் எடுத்தாளும் பெயர்களின் பட்டியையோ மூன்று நாள் முன்னதாகக் கேட்டுப் பெறின், பொறிக்கு அவற்றைக் கற்பித்துவிடலாம். தமிழ் மன்றத்தார் அறுவர் முன்வருவாராயின், வரும் மன்றத் தொடக்க விழாவிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருவர் பெயர் இப்பொழுதே கிடைத்துள்ளது. திரையை எங்கு வைப்பது என்பதைப் பின்வரிசையிலும் நடுவரிசையிலும் மாறி மாறி அமர்ந்து பார்த்துச் சொல்ல, சக்கையும் கேட்ட எம் நண்பர் இசைந்துள்ளார்.