சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்துக



கோடை விடுமுறை நெருங்குகின்றது. தேவ்நாரிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டும் காலம் இது. இரயில் பயணச்சீட்டு கிடைக்குமா என்று நம்மை வழியில் நிறுத்திக் கேட்போர் இவ்வாண்டும் பலர். எனினும் பழைய கார் ஒன்றை வாங்கி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, பூனா, கோலாப்பூர், பெங்களூர் வழியாகத் திருநெல்வேலிச் சீமை வரை தாமே ஓட்டிச் செல்வோரும் இப்போது பெருகியுள்ளனர். மகிழ்ச்சியே! ஆயினும் வண்டி ஓட்டக் கற்றவர் பலர். வண்டி சொல்வதைக் கேட்கக் கற்றவர் சிலரே. ஆகவே இத்திங்கள் அதைப்பற்றிச் சில சொற்கள் எழுத முன்வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. நம் தெருவில் வாழும் அன்பர் ஒருவர், ஆலை வேலை போன பின், கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டி வந்தார். வீட்டு வாடகையும் மூத்த மகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த வண்டியின் உழைப்பிலேயே நடந்தன. மே மாதத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். பூனாவைக் கடந்து கம்பட்கி மலைப்பாதையில் ஏறுகையில், எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு ஒளிர்ந்தது. "ஏங்க, அந்தச் சிவப்பு விளக்கு என்னன்னு பாருங்களேன்" என்றார் மனைவியார். "ஒயர் கோளாறா இருக்கும். சத்தாராவில் பார்த்துக்கலாம்" என்றார் அன்பர். பத்துக் கிலோமீட்டர்கூடச் செல்லவில்லை. சுத்தியல் கொண்டு அடிப்பது போன்ற ஓசை உள்ளிருந்து எழுந்தது. எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

நடந்தது என்ன? எண்ணெய்ச் சட்டியின் அடித்திருகு தளர்ந்து, ஆயில் வழிநெடுக ஒழுகிப் போயிருந்தது. விளக்கு எரிந்த அக்கணமே நிறுத்தியிருந்தால் சில நூறு ரூபாய்ச் செலவோடு போயிருக்கும். நிறுத்தாமையால் எஞ்சினே போயிற்று. கடன் இரட்டித்தது. அந்தோ! அம்மகள் ஓராண்டு கல்லூரிக்குச் செல்ல இயலவில்லை.

நிற்க. நாம் இரயில்வே எழுத்தர். எஞ்சின் வல்லுநர் அல்லோம். ஆனால் எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஒன்று நில்லாமல் கடந்து செல்கையில், நிலைய ஊழியர் பச்சைக் கொடியுடன் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது மரியாதைக்காக மட்டும் அன்று. சக்கரத்தின் அச்சு சூடேறிப் புகைகின்றதா, அடியில் ஏதேனும் தொங்குகின்றதா என்று கூர்ந்து நோக்கவே அவர் நிற்கிறார். கோளாறு கண்டால் பச்சைக்குப் பதில் சிவப்பு! சிவப்பைக் கண்டும் ஓட்டுநர் செல்வாராயின் அதற்கு மன்னிப்பே இல்லை. இரயிலில் இத்துணைக் கண்டிப்பை எதிர்பார்க்கும் நாம், நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் காரில் மட்டும் சிவப்பைக் கடந்து செல்லலாமா?

முற்காலத்து ஓட்டுநருக்கு விளக்கின் உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நமக்கு அண்மையிலுள்ள குர்லாவில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவான பியட் வண்டியை அறியாதார் யார்? பின்னாளில் பத்மினி என்னும் பெயர் பூண்டு, கறுப்பும் மஞ்சளுமாய் இந்நகரின் டாக்சியாக விளங்கியது அதுவே. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-இல் பதிவாயிற்று. டாக்சிகளுக்கு உரிய இருபதாண்டு எல்லை முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் அவ்வகை டாக்சி ஓடுவதில்லை. அதன் எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர் கொண்ட சிறிய எஞ்சின். மூடியைத் தூக்கினால் யாவும் கண்ணுக்குத் தெரியும். ஓட்டுநர் காதாலேயே நோய் அறிவார். இன்றைய வண்டியிலோ கணிப்பொறி உள்ளே ஒளிந்திருக்கிறது. அது நம்மோடு பேசும் மொழி விளக்கு மொழியே. அம்மொழியை நாம் கற்றாக வேண்டும்.

நம் பகுதியில் நாற்பது ஆண்டுகளாக வண்டி பழுது பார்க்கும் மிஸ்திரி அண்ணாச்சியிடம் இதுபற்றிக் கேட்டோம். "தம்பி, வண்டி சாகுறதுக்கு முன்னால நாலு தடவை கூப்பிடும். நாமதான் காது கொடுக்க மாட்டோம்" என்றார். அவர் கூறியவற்றைச் சுருக்கித் தருகின்றோம்.

ஒன்று: எண்ணெய்க் குவளை விளக்கு. ஓடும்போது இது எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். சில நிமிடம் கழித்து, சமதரையில், அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றலாம். ஊற்றியும் விளக்கு அணையாவிடில், வண்டியை இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

இரண்டு: வெப்பம் காட்டும் முள் சிவப்பை நெருங்கினால் நிறுத்துங்கள். ஆனால் ரேடியேட்டர் மூடியை உடனே திறவாதீர்கள்! உள்ளே நீர் அழுத்தத்தில் அடைபட்டு நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். திறந்தவுடன் பொங்கி முகத்தில் அடிக்கும். நன்கு ஆறிய பின்னரே மூடியில் கை வைக்க வேண்டும்.

மூன்று: பாட்டரி வடிவ விளக்கு. மின்சாரம் ஏறவில்லை என்பது பொருள். பெல்ட் அறுந்திருக்கலாம். சில வண்டிகளில் அதே பெல்ட்டே நீரையும் சுழற்றுவதால் எஞ்சினும் விரைவில் கொதிக்கும்.

நான்கு: எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு. அசையாமல் எரிந்தால் பதற வேண்டியதில்லை. விரைவில் பட்டறைக்குக் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் எஞ்சின் சரிவர எரியவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைத் தூய்மை செய்யும் விலை மிகுந்த கருவியைக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து, இயன்றவரை விரைவில் நிறுத்துக.

ஐந்து: புகையின் நிறம். நீலப்புகை எனில் ஆயில் எரிகின்றது. பெட்ரோல் வண்டியில் கரும்புகை எனில் எரிபொருள் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. காலையில் சிறிது நேரம் தோன்றும் மெல்லிய வெண்ணிற ஆவி இயல்பானது. ஆனால் எஞ்சின் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நில்லாது வந்தால், நீர் உள்ளே புகுகின்றது. ஹெட் காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். அளவுக் கம்பியில் ஆயில் பால் கலந்த தேநீர் போலத் தோன்றினாலும் அதே ஐயம்தான்.

ஆறு: உள்ளே பெட்ரோல் நாற்றமோ காஸ் நாற்றமோ வீசினால் வாதம் வேண்டா. எஞ்சினை அணைத்து, பிள்ளைகளை இறக்கி, அப்பால் கொண்டு செல்லுங்கள்.

மழைக்காலம் பற்றியும் ஒரு சொல். 2005 ஜூலை 26-ஐ நம்மவர் மறவார். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள் அது. வெள்ளத்தில் நின்றுபோன காருக்குள்ளேயே சிக்கி உயிர் துறந்தோரும் உண்டு. நீரில் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்பலாகாது. காற்று புகும் வழியே நீர் சிலிண்டருக்குள் சென்றிருக்கும். காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. அதனால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். வண்டியை விட்டு இறங்கி, மேட்டை நாடுங்கள், உயிரே முதல்.

இவை அனைத்திற்கும் ஞாயிறு காலை ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் ஆறியிருக்கையில் ஆயில் இரு கோடுகளுக்கு இடையே நிற்கிறதா, குளிர்விக்கும் நீர் குறையவில்லையா என்று பாருங்கள். முன்னாள் இரவு வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். கறுப்புக் கறை எனில் ஆயில்; பச்சையோ இளஞ்சிவப்போ எனில் ரேடியேட்டர் நீர்; நிறமற்ற வெறும் நீர் எனில் பெரும்பாலும் ஏ.ஸி.யின் நீர், அஞ்ச வேண்டா.

முன்னே கூறிய அன்பர் பிறருடைய வண்டியை ஓட்டிக் கடனை அடைத்தார். மகளும் மீண்டும் கல்லூரி சேர்ந்து தேர்ச்சி பெற்றாள். இவ்வாண்டு மறுபடியும் சொந்த வண்டியில் ஊருக்குச் செல்கின்றனர். "இந்தத் தடவை அவ சொன்னா நிறுத்திடுவேன்" என்று நம்மிடம் சிரித்துக்கொண்டே கூறினார். அருகில் நின்ற அம்மையார் சிரிக்கவில்லை.

வழியில் நிறுத்துவதால் ஒருமணி நேரம் போகலாம்; அதனால் எவரும் நம்மை இகழப் போவதில்லை. நலமே சென்று நலமே திரும்புக. அடுத்த திங்கள் சந்திப்போம். வணக்கம்.