ஓனரே ரேஸ் ஓட்டுகிறார்... ஸ்பான்சர் அவரோட கம்பெனி! வருமான வரியில் இந்தச் செலவு செல்லுமா?

இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ரேஸ் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. கார் முழுக்க ஒரு பம்ப் கம்பெனி அல்லது மில்லின் பெயர் ஒட்டியிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றினால் அந்தக் கம்பெனியின் இயக்குநர், இல்லாவிட்டால் அவருடைய மகன். மில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் காலத்திலிருந்தே கோவையில் தொழிலும் ரேஸும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

டயர், இன்ஜின் வேலை, என்ட்ரி கட்டணம், மெக்கானிக் சம்பளம் என்று ஒரு சீசனுக்கு ஆகும் பணத்தை "விளம்பரச் செலவு" என்று கம்பெனி கணக்கில் எழுதினால் வரித்துறை ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

ஏன் இந்த ஆசை?

ஒரு சீசனுக்கு ₹20 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30% வரி வரம்பில் இருக்கும் ஓனர் இதைச் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டுமானால், செஸ்ஸோடு சேர்த்து 31.2% வரி போக, சுமார் ₹29 லட்சம் சம்பளம் எடுத்தால்தான் கையில் ₹20 லட்சம் நிற்கும். அதையே கம்பெனி ஸ்பான்சர்ஷிப்பாகக் கொடுத்தால் ₹20 லட்சத்தோடு முடிந்துவிடும். ஒன்பது லட்சம் வித்தியாசம். யாருக்குத்தான் ஆசை வராது?

சட்டம் என்ன சொல்கிறது?

1961 வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவுதான் இதற்கு அடிப்படை. செலவு "முழுக்க முழுக்க தொழிலுக்காக மட்டுமே" செய்யப்பட்டிருக்க வேண்டும். சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இருக்கக் கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. ஆக, ரேஸ் காரை வாங்கிய விலையை அப்படியே விளம்பரச் செலவில் போட முடியாது. அது சொத்து.

ஆனால் "தொழிலுக்காக" என்பது "தொழிலுக்கு அவசியம்" என்று அர்த்தமில்லை. 1961 மசோதாவில் "அவசியமாக" என்ற வார்த்தையைச் சேர்க்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததால் கைவிட்டார்கள். 1979-ல் சசூன் ஜே. டேவிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் குறிப்பிட்டே தீர்ப்பு சொன்னது. எந்த விளம்பரம் பலன் தரும் என்று முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரி முடிவு செய்ய முடியாது. இது ரேஸ் ஓட்டும் ஓனருக்குச் சாதகமான பக்கம்.

மாட்டுவது எங்கே?

அமெரிக்காவில் 2023-ல் ஒரு தீர்ப்பு வந்தது. டென்வரில் தொழில் செய்த ஒரு வக்கீல், ரேஸ் காரில் தன் அலுவலகப் பெயரை ஒட்டிவிட்டு, லட்சக்கணக்கான டாலரை விளம்பரச் செலவாகக் காட்டியிருந்தார். கேஸ் வருவது கொலராடோவில். கார் ஓடியதோ இண்டியானா பக்கம். அங்கே கார் பார்ப்பவர் இங்கே வந்து கேஸ் கொடுப்பாரா? இது பொழுதுபோக்கு என்று சொல்லி வரி நீதிமன்றம் செலவைத் தள்ளிவிட்டது.

பிரிட்டனில் இன்டர்ஃபிஷ் என்ற மீன் கம்பெனி விவகாரம் இன்னும் நுட்பமானது. விளையாட்டு ரக்பி, ஆனால் சிக்கல் இதேதான். ஓனர் ஆதரித்த பிளிமத் கிளப்புக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. அதில் விளம்பர நோக்கம் இருந்ததை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் கிளப்பைத் தூக்கிவிட வேண்டும் என்ற இரண்டாவது நோக்கமும் இருந்ததால் "மட்டுமே" என்ற நிபந்தனை அடிபட்டது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

பிரைவேட் லிமிடெட் என்றால் வேறு கணக்கு

நம்ம ஊரில் இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. புரொப்ரைட்டர் என்றால் சொந்தச் செலவு நேரடியாக வெட்டுப்படும். கம்பெனி தனி நபர். அதற்கு ஏது சொந்தப் பொழுதுபோக்கு? இயக்குநர்கள் காரைப் பயன்படுத்தியது பற்றிய சயாஜி அயர்ன் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் இதே ரீதியில் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ கம்பெனி மூலம் கிடைக்கும் சலுகை 2(24)(iv) பிரிவின்படி வருமானம். அதாவது கம்பெனி தப்பினாலும் ஹெல்மெட் போட்டவர் மாட்டலாம். மகனுடைய டீமுக்குச் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்தால், கூடுதல் தொகையை 40A(2) பிரிவில் வெட்டவும் வழி இருக்கிறது. இதெல்லாம் போக ஸ்பான்சர்ஷிப்புக்கு 18% ஜிஎஸ்டி தனி.

அதனால்தான் அனுபவமுள்ள ஆடிட்டர்கள் முதலில் கேட்பது லாப நஷ்டக் கணக்கை அல்ல, ஒப்பந்தத்தை. முதல் ரேஸுக்கு முன்பே கையெழுத்தானதா? லோகோ எங்கே, எத்தனை ரேஸ் என்று எழுதியிருக்கிறதா? அதே தொகையை வேறொரு டிரைவருக்குக் கொடுத்திருப்பீர்களா? டீலர்களை டிராக்குக்கு அழைத்து வந்த பதிவு, அங்கிருந்து வந்த ஆர்டர் இருந்தால் இன்னும் பலம். டிராக்டர் பம்ப் விற்கும் கம்பெனியைவிட டயரோ இன்ஜின் ஆயிலோ விற்கும் கம்பெனிக்கு இதை நிரூபிப்பது சுலபம்.

எல்லாவற்றையும் நோட்டீஸ் வந்த பிறகு தயார் செய்தால் நிலைமை வேறு. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு, அதற்குரிய வரியில் 50% அபராதம். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் அது 200%.