சாளரத்தை மூடினால் கருவி நிற்குமா?

நம் சங்க உறுப்பினர் ஒருவரிடமிருந்து சென்ற திங்கள் வந்த கடிதம் நம்மைக் கவலையில் ஆழ்த்தியது. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த தம் அன்னையார், பேரக் குழந்தைக்குப் பாடிய தாலாட்டை அவர் கணிப்பொறியில் பதிவு செய்திருக்கிறார். பாட்டின் ஊடே மின்விசிறியின் இரைச்சல் கேட்டது. அதனை நீக்க விரும்பி, ஆடாசிட்டி என்னும் இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் சில சாளரங்களைத் திறந்து, குமிழ்களை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்திருக்கிறார். எதுவும் மனத்துக்கு நிறைவு தராமையால், எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டார். மறுநாள் கேட்டபோது, அன்னையின் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்ததாம். அன்னையாரோ ஊர் திரும்பிவிட்டார். “சாளரத்தை மூடிய பின்பும் மாற்றம் எவ்வாறு நிலைத்தது? பழைய குரல் மீளுமா?” என்பது அன்பரின் வினா.

இவ்வினா நம்மில் பலருக்கும் உரியது. ஆதலின் சிறிது விரிவாகவே விடை கூறுவோம்.

குரலைத் திருத்தும் சிறு நிரல்களைச் செருகுநிரல் என்கிறோம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் வி.எஸ்.டி. என்னும் இணைப்பு முறையை வெளியிட்டது. ஒருவர் செய்த செருகுநிரலை மற்றொருவர் செய்த மென்பொருளில் பொருத்துவதற்கு அது வழிவகுத்தது. செய்வோர் தத்தம் விருப்பப்படி சாளரத்தை வரைகின்றனர். ஒன்று பழைய வானொலிப் பெட்டியைப் போல் முள்ளும் குமிழுமாகத் தோன்றும். மற்றொன்று வெறும் எண்களாக நிற்கும். தோற்றம் எதுவாயினும், சாளரம் என்பது கருவியின் குமிழ்களை நமக்குக் காட்டும் முகப்பேயன்றிக் கருவி அன்று. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டால் அடுப்பு அணைந்துவிடுமா? அதுபோலவே, சாளரத்தை மூடினாலும் கருவி தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

இச்சாளரங்கள் இருவகைப்படும். வேற்றுமையை அறிதல் இன்றியமையாதது.

முதல் வகை, ஒலித்தடத்தோடு இணைந்து நிற்பது. பாட்டு ஒலிக்கும் பொழுது மட்டும் அது குரலை மாற்றிக் காட்டும், மூலப்பதிவைத் தீண்டாது. கியூபேஸ், ரீப்பர் முதலியவற்றில் தடத்தில் இடும் செருகுநிரல்கள் இவ்வகையின. ஆடாசிட்டியில் இவ்வசதி 2022-இல் வெளிவந்த 3.2 பதிப்பில் சேர்ந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு நிறுத்தப் பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் கருவி ஒதுங்கும். பழைய குரல் அக்கணமே கேட்கும்.

இரண்டாம் வகை, பட்டியலிலிருந்து திறப்பது. அதில் ‘அப்ளை’ என்னும் பொத்தான் இருக்கும். அதனை அழுத்தியவுடன் மாற்றம் பதிவிலேயே எழுதப்பட்டுவிடும். ‘அண்டூ’ கட்டளையால் திரும்பலாம். ஆனால் கோப்பைச் சேமித்து மூடிய பின் அவ்வழியும் அடைபடும். ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கும் கருவி இவ்வகையைச் சேர்ந்தது.

தடத்திலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்குமாறு அன்பருக்கு எழுதினோம். கம்ப்ரெஸர் என்னும் கருவி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதனை நிறுத்தியதும் குரலின் ஏற்றத்தாழ்வு மீண்டது. ஆனால் இரைச்சல் நீக்கத்தால் போன உயிர்ப்பு மீளவில்லை. அவரிடம் மூலப்பதிவின் படி இல்லை.

இத்துயரம் பிறருக்கு நேராதிருக்கச் சில சொல்வோம்.

முதலாவது, எந்தச் சாளரத்தையும் திறக்குமுன் மூலப்பதிவைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவது, இரைச்சல் நீக்கும் சாளரத்தில் ‘ரெசிட்யூ’ என்னும் தெரிவு உண்டு. அதனைத் தேர்ந்து முன்னோட்டம் கேட்டால், நீக்கப்படவிருக்கும் ஒலி மட்டும் கேட்கும். அங்கே விசிறியின் ஓசை மட்டும் இருந்தால் நன்று. அன்னையின் குரலும் கேட்குமாயின், களையோடு பயிரையும் பிடுங்குகிறீர்கள் என்று அறிக. நீக்கும் அளவை 6 டெசிபலில் வைத்துத் தொடங்குங்கள்.

மூன்றாவது, கம்ப்ரெஸரின் எண்களுக்குப் பொருள் தெரிந்து திருப்புங்கள். எல்லையை −20 டெசிபலிலும் விகிதத்தை 4-க்கு 1 என்றும் வைத்தோம் என்க. −8 அளவில் எழும் ஒலி எல்லைக்கு மேல் 12 டெசிபல் நிற்கிறது. கருவி அதனை 3-ஆக ஒடுக்கும். ஒலி −17-இல் வெளிவரும். பின்னர் முழுவதையும் உயர்த்தும்போது, குரலோடு விசிறியின் இரைச்சலும் உயரும். தாலாட்டின் இனிமை அதன் தாழ்ந்த குரலில் உள்ளது. அதற்கு இக்கருவி பெரும்பாலும் வேண்டியதில்லை.

நான்காவது, திருத்திய குரலையும் திருத்தாத குரலையும் ஒரே உரப்பளவில் வைத்து ஒப்பிடுங்கள். உரத்து ஒலிப்பதே சிறந்தது என்று செவி எளிதில் மயங்கும். சாளரத்தில் துள்ளும் முள்ளைப் பாராமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்பது நலம்.

அன்பர் வரும் பொங்கலுக்கு ஊர் செல்கிறார். அன்னையாரிடம் அதே தாலாட்டை மீண்டும் பாடக் கேட்கப் போவதாக எழுதியுள்ளார். நாம் அவருக்கு ஒன்றே ஒன்று கூறினோம்: பாடும் வரையில் மின்விசிறியை நிறுத்தி வையுங்கள், எந்தச் செருகுநிரலும் செய்ய இயலாத நன்மையை அந்த ஒரு சுவிட்சு செய்துவிடும்.