கிளினிக் கொப்பியும் வெளியில் வாங்கச் சொல்லும் குளிசையும்

மாதம் ஒருமுறை விடியற்காலையில் அரச வைத்தியசாலை ஒன்றின் சலரோகக் கிளினிக் வரிசையில் நிற்பவன் நான். சென்ற மாதம் எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவருக்கு இரண்டு வகைக் குளிசைகளில் ஒன்றுதான் கிடைத்தது. மற்றையதை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். “காசு இருக்கிற மாதம் எடுப்பன் தம்பி, இல்லாட்டி விட்டிடுவன்” என்றார்.

‘வாயைக் கட்டினால் சீனி வராது’ என்பது எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நோயை நோயாளியின் குற்றமாக்கிவிடும் வைத்தியமும் அதுதான்.

இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பில் தொடங்குகிறது. சதையி இன்சுலினைச் சுரந்தாலும் தசையும் ஈரலும் அதற்குச் சரியாகப் பணிவதில்லை. அதை ஈடுகட்ட மேலும் மேலும் சுரந்து, ஒரு கட்டத்தில் சதையி களைத்துப்போகிறது. தெற்காசியர்களான எங்களுக்கு இது குறைந்த உடல் எடையிலேயே வந்துவிடுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே கவனம் தேவை. வெறும் வயிற்றில் குருதி வெல்லம் 100 முதல் 125 வரை இருந்தால் அது எச்சரிக்கை. 126ஐத் தொட்டு, மறு பரிசோதனையும் அதையே காட்டினால் அது நோய்.

எச்சரிக்கை நிலையில் திரும்பிவர வழி உண்டு. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவும் உடற்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தன. மெற்போமின் குளிசை 31 சதவீதம் குறைத்தது. 2006இல் வெளியான சென்னை ஆய்வில் இரண்டுமே ஏறத்தாழ சமமாக, கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைத்தன. ஆனால் இவை நோய் வருமுன் உள்ளவர்களுக்கான கணக்கு. நோய் வந்தபின் நடக்கிறேன் என்று குளிசையை நிறுத்துவது ஆபத்து.

அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களுக்குத் தொடர்ந்து ஆலோசனை சொல்ல ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வைத்தியரிடம் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். பிட்டை எவ்வளவு குறைப்பது, தட்டில் பாதியைக் கீரையாலும் மரக்கறியாலும் நிரப்புவது எப்படி, தேத்தண்ணிச் சீனியை எப்படி விடுவது என்று அந்த நேரத்துக்குள் யார் சொல்வது?

அரசின் பங்கையும் பார்ப்போம். 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் சிவப்பு. 10 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் பத்துத் தேக்கரண்டிச் சீனி இருந்தும் அது செம்மஞ்சளோடு தப்பிவிடுகிறது. 2017 நவம்பரில் சீனியின் அளவுக்கேற்ப வரி விதித்தார்கள். மறு ஆண்டே அதைக் குறைத்தார்கள். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் பல மணிநேர மின்வெட்டும் சேர்ந்து வந்தபோது, குளிரில் வைக்க வேண்டிய இன்சுலினோடு சனம் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல.

வாயைக் கட்டும் பொறுப்பு என்னுடையதுதான். கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதும் என்னுடையதே. ஆனால் குளிசை இடையில் அறுபடாமல் கிடைப்பதும், கிளினிக்கில் உணவு ஆலோசனைக்கு ஓர் ஆள் இருப்பதும், போத்தலில் உண்மையைச் சொல்லும் நிறம் இருப்பதும் என் கையில் இல்லை. விட்டுவிட்ட குளிசையின் விலை பிறகு சிறுநீரகத்திலும் கண்ணிலும் காலிலும் வந்து நிற்கும். அந்தச் செலவும் இதே இலவச வைத்தியசாலையின் தலையில்தான் விழப்போகிறது.

அடுத்த கிளினிக்கில் அந்த அம்மாவைக் கண்டால் நான் முதலில் கேட்கப்போவது, என்ன சாப்பிட்டீர்கள் என்றல்ல. இந்த மாதம் அந்தக் குளிசையை வாங்க முடிந்ததா என்றுதான்.